கெத்சியாள் சாப்பிட்டால் ஞானப்பூவுக்கு நிறையும்

கெத்சியாளை வெள்ளக்கரட்டுக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட்டு, ஒரு பக்கெட்டையும் ஒரு தகரப்பெட்டியையும் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்து, அழக்கூடாது என்று பேசிவைத்த பிரகாரம் இரண்டு பேரும் அழாமல் பிரிந்து, ஞானப்பூ பெத்தேல்விளைக்குத் திரும்பி வந்த மறுநாள் சாயங்காலம், அவள் அடுப்படியில் நின்றபடி சட்டியோடு ஒட்டியிருந்த சோற்றை வழித்து வாயில் வைக்கப் போன நேரத்தில், அந்த வாய்க்குள் அதற்கு முன்னாலேயே வேறொரு ருசி வந்து உட்கார்ந்திருந்தது. மொறுமொறுவென்று ஏதோ ஒன்று, அதன்மேல் துருவின பச்சை பீட்ரூட்டின் ஈரம், ஒரு பக்கம் மல்லிச் சட்னி, மறுபக்கம் பூண்டும் மிளகாய் வத்தலும் அரைத்த காரம். இப்படி ஒன்றை ஞானப்பூ பிறந்ததிலிருந்து தின்றதில்லை. ருசி தொண்டையில் இறங்கினது, வயிறு நிறைந்தது, ஏப்பமும் வந்தது. ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு, வழித்த சோற்றை மறுபடியும் சட்டியிலே போட்டுத் தட்டைக் கவிழ்த்து மூடினாள்.

அரை மணி நேரம் கழித்து மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, இங்க காலேஜ் கேட்டுக்கு எதிர்த்தாப்புல ஒரு அக்கா கடை போட்டிருக்காங்க. தட்டுவடை செட்டாம். ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல பீட்ரூட்டு, காரட்டு, ரெண்டு விதச் சட்னி..."

"பூண்டுச் சட்னி காரம் ஜாஸ்தியோ?" என்று கேட்டுவிட்டு ஞானப்பூ நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"சும்மா கேட்டேன் மக்களே."

அதற்குமேல் அவள் அதிசயப்படவில்லை. பத்து மாதம் தான் தின்றது பிள்ளைக்குப் போனது, இப்போது பிள்ளை தின்கிறது தனக்கு வருகிறது, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டு பாத்திரத்தைக் கழுவப் போனாள். மூத்தவன் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறான், வீட்டுக்காரர் தூத்துக்குடி லாரி செட்டில் வேலை, சனிக்கிழமை சனிக்கிழமைதான் வருவார். ஆகையால் மறுநாள் காலையில் குழாயடியில் வைத்து எலிசா மைனியிடம் சொன்னாள். எலிசா மைனி அவள் வீட்டுக்காரரின் அக்காள், அடுத்த வீடு, வேதக்கோயிலில் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர்.

எலிசா மைனி குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்திக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"ஏளா, அப்போ உனக்கு அரிசி மிச்சம்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "பிள்ளைட்ட சொல்லிராத. அம்மைக்குத் தெரியும்னா கூசிக் கூசித் திங்கும். வயசுப் பிள்ள, நல்லா வாய்க்கு ருசியாத் திங்கட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. சபைப் போதகரான ஐயர் மாத்திரம் நெற்றியைத் தடவிக்கொண்டார். "இதுல கெடுதல் ஒண்ணும் தெரியலியேம்மா. பிள்ளை பசியில்லாம இருக்குன்னு தினமும் உங்களுக்குச் சாட்சி கிடைக்குதே. எந்தத் தாய்க்குக் கிடைக்கும்?" என்றார். ஞானப்பூ அந்தச் சாட்சியை நம்பினாள். அதினாலே ஊரிலுள்ள எல்லாத் தாய்மாரும் போனை எடுத்தவுடனே கேட்கிற முதல் கேள்வியை, சாப்பிட்டியா என்கிற கேள்வியை, அவள் ஒருத்திதான் கேட்காமல் விட்டாள். வயிற்றிலே பதில் இருக்கும்போது வாயாலே எதற்குக் கேட்க வேண்டும்?

அன்று முதல் சாயங்காலம் ஐந்து மணியானால் ஞானப்பூ வீட்டு வாசலில் ஆள் கூடுகிறது வழக்கமாயிற்று. பீடி சுற்றுகிறவர்கள் தட்டோடு வந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையோடு வந்தார்கள், ஞானப்பூ கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், எல்லாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "வந்துட்டு" என்பாள். "கொழகொழன்னு இருக்கு. முட்டைக்கோசு. மசாலா. மேல பச்சை வெங்காயம். நடுவுல ஏதோ நெறுநெறுன்னு கடிபடுது." எலிசா மைனி போனில் தேடிப் பார்த்து, "அது காளானாம்" என்று வாசிப்பாள், பிள்ளைகள் ஓவென்று கத்தும். ஒருநாள் கொழுக்கட்டைக்குள் கோழி வந்தது, அது மோமோஸ் என்று ஆறாம் வகுப்பு படிக்கிற பிள்ளை சொல்லிக்கொடுத்தது. ஒருநாள் முழு வத்தலும் தேங்காய்ச் சில்லும் போட்டு வதக்கின பள்ளிபாளையம் கோழி வந்து, ஞானப்பூவுக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகி, தெருவே விசிறி எடுத்து வீசினது. ஒருநாள் நூல் சேவை வெண்ணெயில் முங்கி வந்தது, ஒருநாள் இளநீரில் பாயசம் வந்தது, ஒருநாள் எதுவென்று யாராலும் கண்டுபிடிக்க முடியாத ஒன்று வந்தது, அதை ஞானப்பூ "சோப்பு மாதிரி" என்று சொன்னாள், அது கடைசிவரைக்கும் சோப்பு மாதிரி என்றே இருந்துவிட்டது. அந்த வருஷத்துக் கோயில் அறுப்புப் பண்டிகை விற்பனையில் முறுக்கும் அதிரசமும் வைக்கிற மேசையிலே, வெள்ளக்கரட்டை ஒருநாளும் பார்த்திராத பெண்கள், ஞானப்பூவின் நாக்கு சொல்லச் சொல்லக் கேட்டுப் பழகி, தட்டுவடை செட் போட்டு விற்றார்கள். "நம்ம கெத்சி திங்கிறது இதைவிட நல்லா இருக்கு" என்று ஞானப்பூ உண்மையைச் சொன்னபோது அவர்களுக்குக் கோபம்கூட வந்தது.

பிள்ளை நாளுக்கு நாள் தூரமாகப் போய்த் தின்றது. முதலில் கேட்டுக்கு எதிரே, பிறகு பஸ் ஸ்டாண்டு, பிறகு பைபாஸ் ஓரத்துத் தாபா, பிறகு மலை ஏறுகிற ரோட்டில் கம்பங்கூழ் ஊற்றுகிற இடம். முதலில் ஒரு வேளைக்கு ஒன்று வந்தது, பிறகு இரண்டு வந்தது, பிறகு ஒன்று இறங்குவதற்குள் மற்றொன்று வந்தது.

"எவ்வளவு தின்னாலும் பசிக்குதும்மா" என்று போனில் சொல்லும்.

"வளர்ற வயசு மக்களே" என்று ஞானப்பூ வயிற்றைத் தடவிக்கொண்டே சிரிப்பாள்.

"அப்புறம் இன்னொண்ணும்மா. எனக்கு அடிக்கடி கருப்பட்டிக் காப்பி ஏப்பம் வருது. இந்த ஊர்ல கருப்பட்டியே கிடையாது."

"வீட்டு நினைப்பு அப்படித்தான் செய்யும்."

ஞானப்பூவோ ஒருநாளும் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டவள் இல்லை. கல்யாணமான நாள் முதல் எல்லாரும் எழுந்த பிறகு, நின்றுகொண்டே, மிஞ்சினதைத் தின்கிறவள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைக் கோயிலுக்கென்று டப்பாவில் போடுகிறது அந்த ஊர்ப் பெண்களின் வழக்கம், அந்தக் கைப்பிடியையும் அவள் தன் பங்கிலேதான் பிடிப்பாள். இப்போது வயிறு எந்நேரமும் நிறைந்திருந்தபடியால் முதலில் ராத்திரிச் சோறு நின்றது, பிறகு மத்தியானச் சோறு நின்றது, ஒரு கைப்பிடிக்குப் பதிலாகத் தன் பங்கு முழுவதையும் டப்பாவிலே போட்டாள். மாதத்துக்கு ஒருதரம் நிறைகிற டப்பா வாரத்துக்கு ஒருதரம் நிறைந்தது. சபையில் அவள் பேரைச் சொல்லி ஸ்தோத்திரம் ஏறெடுத்தார்கள். காலையும் மாலையும் ஒரு தம்ளர் கருப்பட்டிக் காப்பி, அவ்வளவுதான் அவள் ஆகாரம்.

இதற்குள் உபவாசக் காரியம் வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் சங்கம் பத்து மணி தொடங்கி மூன்று மணி மட்டும் சாப்பிடாமல் ஜெபிப்பது வழக்கம். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரும் முழங்காலில் நிற்கையில் ஞானப்பூவிடமிருந்து நீளமாய் ஒரு பிரியாணி ஏப்பம் வந்தது. சீரகச் சம்பா, புதினா, கோழி. பசித்த பெண்கள் ஒவ்வொருவராக ஒரு கண்ணைத் திறந்தார்கள்.

ஜெபம் முடிந்தவுடனே வழக்கு வந்தது. "இது என்ன உபவாசம்? இவ கல்யாண வீட்டுல இருந்து வந்தவ மாதிரி உக்காந்திருக்கா" என்றாள் ஒருத்தி. ஐயர் மறுபடியும் நெற்றியைத் தடவினார். "அம்மா வாயால சாப்பிடல. மனசாலயும் சாப்பிடல. வயிறு தானா நிறைஞ்சா அதுக்கு அம்மா பொறுப்பில்ல. உபவாசம் செல்லும்" என்று தீர்த்துவிட்டார்.

அந்தத் தீர்ப்பிலேதான் எல்லாம் இருந்தது. ஏனென்றால் எலிசா மைனி அன்று சாயங்காலமே சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஏளா, என் மக கல்யாணக் காரியத்துக்கு நீ ஒரு புதன்கிழமை உபவாசம் இருந்து குடுத்திரு. எனக்குப் பதினோரு மணிக்கே தலை சுத்துது. உனக்கு என்ன, நோகாம இருக்கலாம்."

"அதுக்கென்ன மைனி, இருக்கேன்" என்றாள் ஞானப்பூ. அவளுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது.

எலிசா மைனிக்குப் பின்னால் ஜெபசீலியின் மகனுடைய விசா வந்தது. அதற்குப் பின்னால் டீச்சரம்மாவின் மாறுதல், ஒருவருடைய மூட்டுவலி, ஒருவருடைய பங்காளிச் சண்டை, ஒருவருடைய சினை பிடிக்காத மாடு. ஊர்ப் பசியையெல்லாம் ஊரார் ஞானப்பூவிடம் கொண்டுவந்து இறக்கினார்கள், அவள் அவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகவும் பட்டினி கிடந்தாள், நோகாமல் கிடந்தாள். பட்டினி கிடக்கிற நாளிலெல்லாம் கருப்பட்டிக் காப்பியும் கிடையாது. நோட்டின் முதல் வரியில் மாத்திரம், யாரும் சொல்லாமலே அவள் எழுதினது: கெத்சியாள், சரீர சுகம்.

கிறிஸ்துமசுக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்தபோது கன்னம் ஒட்டி, வளையல் முழங்கை வரைக்கும் ஏறிக்கிடந்தது.

"என்னட்டி இது, ஊரையே திங்கியே, எங்க போகுது எல்லாம்?" என்றாள் எலிசா மைனி.

"அதான் அத்தை எனக்கும் தெரியல."

பத்து நாள் லீவில் ஞானப்பூ மகளுக்குத் துணையாகப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டுக்கறியும் ஆப்பமும் கூடத் தின்றாள். பத்து நாளில் பிள்ளைக்குக் கன்னம் வந்துவிட்டது. வீட்டுச் சாப்பாடு வீட்டுச் சாப்பாடுதான் என்று எல்லாரும் சொன்னார்கள்.

பிறகு ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் வந்தன. நாற்பது நாளும் ஞானப்பூவே சபைக்காக இருக்கட்டும் என்று பெண்கள் சங்கத்தில் ஒருமனதாய் முடிவாயிற்று. மற்றவர்கள் நாற்பது நாளும் ஒரு வேளை குறைத்துக்கொள்வார்கள், ஞானப்பூ மூன்று வேளையும் விட்டுவிடுவாள், அதிகாலையில் ஒரு தம்ளர் காப்பி மாத்திரம் ஐயர் அனுமதித்தார். நோட்டில் எண்பத்து மூன்று விண்ணப்பம் இருந்தது. பதினைந்தாம் நாள், வெள்ளக்கரட்டிலிருந்து கெத்சியாளின் ரூம் பிள்ளை கூப்பிட்டது.

"ஆன்ட்டி, கெத்சி லேப்ல மயங்கி விழுந்துட்டா. ஆஸ்பத்திரில எல்லா டெஸ்டும் எடுத்துட்டாங்க, ஒண்ணும் இல்லங்கிறாங்க. குளுக்கோஸ் ஏத்தினாங்க. ஆனா எடை குறைஞ்சுகிட்டே இருக்கு ஆன்ட்டி. நாங்க பாக்கப் பாக்க அஞ்சு தோசை திங்கிறா."

ஞானப்பூவுக்கு அந்த ஐந்து தோசையும் அப்போது வயிற்றிலே இருந்தது.

அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. தெரிந்த ஒன்றை அதிகமாகச் செய்தாள். அன்று முதல் காலைக் காப்பியையும் விட்டாள். இரண்டு நாள் தண்ணீரும் தொடாமல் முகங்குப்புறக் கிடந்தாள், தெருவே அவளோடு கிடந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் அந்த ரூம் பிள்ளை மறுபடியும் கூப்பிட்டு, "இன்னைக்கு எந்திரிக்கவே இல்ல ஆன்ட்டி" என்றது.

மூன்றாம் நாள் விடியுமுன்னே முதல் பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். எலிசா மைனி அடுப்பு மூட்டி, "வழியில விழுந்து கிடந்தா யாரு பாப்பா? நான் ஐயர்ட்ட சொல்லிக்கிடுதேன், குடி" என்று ஒரு தம்ளர் காப்பியைக் கட்டாயமாய் வாயில் ஊற்றிவிட்டாள். நோட்டையும் பையில் வைத்துக்கொண்டு ஞானப்பூ பஸ் ஏறினாள். மதுரை தாண்டினது, திண்டுக்கல் தாண்டினது, ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு ஆண்டவரே ஆண்டவரே என்று மாத்திரம் சொன்னாள்.

வெள்ளக்கரட்டில் இறங்கும்போது சாயங்காலம் நாலு மணி. விடுதி வாசலில் ரூம் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு கெத்சியாள் நின்றாள். அவளைவிட அவள் நிழலுக்குக் கனம் இருந்தது.

"காலையில கொஞ்சம் தெம்பு வந்துச்சும்மா, அதான் எந்திரிச்சேன். எந்திரிச்சதுலருந்து தின்னுக்கிட்டேதான் இருக்கேன்" என்றாள். "ஒண்ணுமில்லம்மா. பசிதான்."

"எப்போயிருந்து மக்களே?"

"இங்க வந்த நாள்லருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். நீ சிரிச்ச." கெத்சியாள் தரையைப் பார்த்தாள். "எல்லாப் பிள்ளைங்க அம்மாவும் போன் எடுத்தா சாப்ட்டியான்னு கேக்காங்க. நீ ஒரு நாளும் கேக்கலியேம்மா."

ஞானப்பூ மகளின் ஒட்டின கன்னத்தைக் கையால் தொட்டாள்.

கெத்சியாள் அந்தக் கையைப் பிடித்து, "வா, காட்டுறேன்" என்று ரோட்டைக் கடந்து கூட்டிக்கொண்டு போனாள். ஒரு வண்டிக்காரர் காளான் கிண்டிக்கொண்டிருந்தார், ஒருவர் மோமோஸ் சட்டியின் மூடியைத் திறந்து ஆவியை விட்டார், ஞானப்பூவுக்கு அந்தத் தெரு முழுவதும் முன்னமே வாயால் தெரிந்திருந்தது, கண்ணால் பார்க்கிறது ஒன்றுதான் புதிது. தட்டுவடை செட் போடுகிற சரசக்கா பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னாள்.

"நீங்கதான் அம்மாவுங்களா? எனக்கு ரொம்ப விசனமுங்க. இந்தப் புள்ள நாலு செட்டு சாப்பிடும், அஞ்சு செட்டு சாப்பிடும், சாப்பிடச் சாப்பிட மொகம் வாடும். ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற கணக்கா இருக்குதுங்க. அப்புறம் பாத்தா, எந்திரிச்சுப் போறப்ப கருப்பட்டி ஏப்பம் உடும். நானு கடையில கருப்பட்டியே வெச்சதில்லீங்க."

சொல்லிக்கொண்டே ஒரு செட்டை கெத்சியாள் கையில் கொடுத்தாள், கெத்சியாள் கடித்தாள், ஞானப்பூவின் வாயில் பீட்ரூட்டின் ஈரம் வந்தது.

ஞானப்பூ மகளின் கையை எட்டிப் பிடித்தாள். "மக்களே, இன்னைக்கு அந்தக் கருப்பட்டி ஏப்பம் வந்துச்சா?"

"வந்துச்சு. விடியக்காலம். அதுலதான் முழிச்சேன்."

"நாலரை மணிக்கா?"

"ஆமா. எப்படிம்மா..."

"அதுக்கு முன்னால ரெண்டு நாள்?"

"வரல. அந்த ரெண்டு நாளுந்தான் எந்திரிக்கவே முடியல."

அப்போது ஞானப்பூ மகளிடத்தில் எல்லாவற்றையும் சொன்னாள், தட்டுவடை செட்டிலிருந்து ஐந்து தோசை வரைக்கும், கைப்பிடி அரிசியிலிருந்து எண்பத்து மூன்று விண்ணப்பம் வரைக்கும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த சரசக்கா ஆச்சரியப்படவில்லை. "அப்ப இத்தன நாளு நாங்க போட்ட சட்னியெல்லாம் தெக்கால போயிருக்குதா" என்று மாத்திரம் கேட்டுவிட்டு, இன்னொரு செட்டைப் போட்டு ஞானப்பூவின் கையில் வைத்தாள். "அங்கிருந்து இங்க வரோணும்னா நீங்கதானுங்களே சாப்பிடோணும்."

ஞானப்பூ அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நாற்பது நாள் முடிய இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது. அவள் வாயிலே அவள் நேர்ந்துகொண்ட பொருத்தனை மாத்திரம் இல்லை, எலிசா மைனி மகளுடைய கல்யாணமும் ஜெபசீலி மகனுடைய விசாவும் அந்த மாடும் இருந்தது. ஆண்டவரே, நான் இதை எனக்காகத் தின்னவில்லை என்றாள். பிறகு, இத்தனை நாளும் யாருக்காகத் தின்னாமல் இருந்தேன் என்று நினைத்தாள், நினைக்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள்.

வயிற்றிலே இடமில்லை. முழுங்கினது தொண்டையில் நின்றது. சரசக்கா தண்ணீர் கொடுத்தாள். அது இறங்கினது.

கெத்சியாள் சடக்கென்று வயிற்றில் கை வைத்தாள்.

"அம்மா... இங்க என்னமோ விழுதும்மா."

"இன்னும் வேணுமா?"

"இன்னும் வேணும்மா."

ஞானப்பூ தின்றாள். மூன்று செட் தின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாடை வழியாகத் தட்டிலே விழ, அதையும் சேர்த்துத் தின்றாள். காளான் வண்டிக்காரர் ஒரு தட்டு கொண்டுவந்தார், மோமோஸ் கடைப் பையன் ஒரு தட்டு கொண்டுவந்தான், "புள்ளைக்குத் தானுங்க, வாங்கிக்கோங்க" என்றார்கள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தின்னத் தின்ன ஞானப்பூவுக்கு மூச்சு முட்டினது, தின்னத் தின்னப் பிள்ளையின் உதட்டிலே நிறம் வந்தது. கடைசியில் கெத்சியாள் இத்தனை மாசத்துப் பசி ஆறின அசதியில் பெஞ்சிலே சாய்ந்து, தாயின் தோளில் தலையை வைத்துக்கொண்டாள்.

"அம்மா."

"என்ன மக்களே?"

"அப்போ நீ சாப்பிட்டாத்தான் எனக்கு."

"ஆமா."

"அப்போ பின்னால ஒரு நாள் நீ..." என்று தொடங்கின கெத்சியாள் நிறுத்திக்கொண்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

அந்த ஒண்ணுமில்லை என்னவென்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஞானப்பூவுக்கு ஐம்பத்து மூன்று வயது நடந்துகொண்டிருந்தது.

பெத்தேல்விளைக்குத் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து ஞானப்பூ எழுந்து நின்று, நான் பொருத்தனையை முறித்துவிட்டேன் என்று சபையில் சொன்னாள். ஏன் என்றும் சொன்னாள். ஐயர் நெற்றியைத் தடவவில்லை, கையால் முகத்தை மூடிக்கொண்டார். வெளியே வேப்பமரத்தடியில் ஜெபசீலி மாத்திரம், "அந்த வாரந்தான் என் மவனுக்கு விசா இல்லன்னு வந்துச்சு" என்று இழுத்தாள்.

"வாய மூடுட்டி" என்றாள் எலிசா மைனி. "அந்தப் பிள்ள சோத்தத்தான் நாம எல்லாரும் பங்கு வச்சிருக்கோம்."

அன்று மத்தியானமே நோட்டு பிரிக்கப்பட்டது. அவரவர் பசியை அவரவர் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் வாசலில் கூடுகிற கூட்டம் இப்போது மூன்று வேளையும் கூடினது, அவள் வாயைத்தான் பார்த்தார்கள், ஆனால் எதற்காகப் பார்க்கிறார்களோ அது மாறிவிட்டது. ஒரு வீட்டிலிருந்து மீன் வந்தது, ஒரு வீட்டிலிருந்து கீரை வந்தது. "உனக்கு என்ன பிடிக்கும், அதைச் சொல்லு" என்று எலிசா மைனி கேட்டாள். ஞானப்பூ வெகுநேரம் யோசித்தாள். அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளக்கரட்டிலோ கெத்சியாள் இப்போது அளவாகத் தின்றாள். அம்மாவுக்குச் சூடு ஆகாது என்று பள்ளிபாளையம் கோழியை விட்டாள், அம்மாவுக்குக் குளிர்ச்சி நல்லது என்று வெயிலில் மலைரோடு வரைக்கும் நடந்துபோய்க் கம்பங்கூழ் குடித்தாள். தாய் மகளுக்காகவும் மகள் தாய்க்காகவும் வாயைத் திறந்தார்கள், தனக்கென்று ஒரு வாய் வைக்க இரண்டு பேருக்கும் வழியில்லாமல் போயிற்று. போனை எடுத்தவுடனே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டியா என்று கேட்டார்கள்.

மே மாதம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. பண்டிகையன்று அசனம். அந்த வருஷத்துக் கைப்பிடி அரிசியெல்லாம் சேர்த்து, கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு, சபை முழுவதும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிறது. முப்பது வருஷமாக ஞானப்பூ அசனத்தில் ரசவாளி தூக்குகிறவள், உட்கார்ந்தவள் இல்லை. அன்றைக்கு எலிசா மைனி அவள் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார வைத்தாள்.

இலையில் சோறு விழுந்தது. பல வீட்டு அரிசி சேர்ந்த சோறு, ஒரு பருக்கை நீளம், ஒரு பருக்கை கட்டை. இதிலே வேறெந்த வீட்டையும்விடத் தன் டப்பா அரிசிதான் அதிகம் என்று ஞானப்பூவுக்குத் தெரியும். ஆகஸ்டு மாதத்து மத்தியானங்களும் ஜனவரி மாதத்து ராத்திரிகளும், பிள்ளை பசியோடு கடை கடையாய் அலைந்த நேரத்தில் போட்ட ஒவ்வொரு பிடியும், வெந்து ஆவி பறக்க அவள் முன்னே இருந்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். கெத்சியாளுக்குப் பரீட்சை நேரம், வர முடியவில்லை.

"ஆரம்பிச்சாச்சா அம்மா?"

"கறிக்குழம்பு ஊத்தியாச்சு."

"வந்துட்டு, வந்துட்டு. கத்திரிக்காய் கிடக்கா அதுல?" பிள்ளையின் குரலிலே சிரிப்பு இருந்தது. "அம்மா, அடுத்தாப்புல ரசம் ஊத்தச் சொல்லு."

"பிள்ளைக்கு ரசம் வேணுமாம்" என்றாள் ஞானப்பூ. எலிசா மைனி ஊற்றினாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவள் கை இலைக்கும் வாய்க்கும் போய் வருகிறதைப் பார்த்தார்கள்.

"அம்மா, போதும்மா. எனக்கு நல்லா நிறைஞ்சிட்டு. நான் போய்ப் படிக்கேன். வச்சிரவா?"

"வை மக்களே."

போன் நின்றது. ஞானப்பூ தோளிலிருந்து அதை எடுத்து மடியில் வைத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் இலையை மடக்க ஆரம்பித்தார்கள். அவள் மடக்கவில்லை. தன் ஆயுசு இன்னும் இருபது வருஷம் என்று வைத்துக்கொண்டாள், இருபத்தைந்து என்று வைத்துக்கொண்டாள், எப்படி வைத்துப் பார்த்தாலும் அது ஓரிடத்தில் முடிந்தது, அதற்கு அந்தப் பக்கம் அவளுடைய பிள்ளை ஒரு பெஞ்சிலே உட்கார்ந்து, நிறையாமல் தின்றுகொண்டே இருந்தது. இதை எந்த வார்த்தையால் ஜெபிக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"மைனி" என்றாள். "இன்னும் ரெண்டு கரண்டி சோறு போடுங்க."

"பிள்ள போதும்னுட்டுல்லா?"

"போடுங்க மைனி. பின்னால உள்ள நாளைக்கும் இருக்கட்டும்."

எலிசா மைனி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, சோற்றை அள்ளி அள்ளி அந்த இலையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.